நாலடி வழி

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லணும்" என்றார் மாமனார். "புது வீட்டுல நம்ம வாசல் எந்தப் பக்கம்?"

மருமகள் அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள். ஒரு காலில் செருப்புகூட இன்னும் கழற்றவில்லை. கட்டில்மேல் சம்மதப் படிவம் விரித்திருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் தூக்குக்குண்டை வைத்திருந்தார். முப்பத்தைந்து வருடமாக ஊரார் வீட்டுச் சுவர்களை நேராக நிறுத்திய குண்டு அது.

"பெரிய ரோட்டுப் பக்கம்தான் மாமா."

சொன்னது பொய். அன்று மதியம் மூன்று மணிவரைக்கும் அது உண்மையாக இருந்தது.

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். "இதைத்தானே நான் தலைப்பாடா அடிச்சுக்கறேன்! வரைஞ்சவளே அவ. அவளுக்குத் தெரியாதா?" கையைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தாள். "ஏண்டி, வாசல்ல உக்காந்தா பஸ் போறது தெரியுமா?"

"தெரியும் அத்தை."

இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. மற்ற செருப்பையும் கழற்றிவிட்டு, முகம் கழுவப் போகிறவள்போல உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தெருவில் நாற்பது வீடுகள். தெருவுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஒரு வெற்றுத் திடல். முன்பு அங்கே ஒரு கிடங்கு இருந்தது, இடித்துப் போட்டபின் கேட்பாரில்லை. தெருக்காரர்கள் குறுக்கே நடந்து நடந்து புல் தேய்ந்து, நடுவில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருந்தது. தையற்காரர் துணிமூட்டையோடு போவதும், சாவி செய்கிறவர் தன் பெட்டியோடு போவதும் அதில்தான். தெருமுனையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு எண்பது தப்படி.

இப்போது திடலையும் தெருவையும் சேர்த்து ஒரு நிறுவனம் வளாகம் கட்டப்போகிறது. திடலில் பதினாறு மாடி: கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே விற்பனைக்கு வீடுகள். தெரு இருக்கிற இடத்தில் ஆறு மாடி. அதில் நாற்பது குடும்பத்துக்கும் ஆளுக்கொரு வீடு. நாற்பதில் முப்பது பேர் சம்மதித்தால் போதும் என்பது விதி. முப்பத்துமூன்று பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். மற்ற ஏழு பேரில் ஒருவர் மாமனார், அந்தத் தெருவின் கொத்தனார். மீதி ஆறு பேர் கொத்தனார் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சுவர் சமமாக இருக்கிறதா என்று குமிழியை வைத்துப் பார்க்கும் கருவியின் பெயர் அது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டிய படம் சாய்ந்திருந்தால் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். இதற்குப் பயந்தே சிலபேர் வீட்டில் படம் மாட்டுவதை விட்டுவிட்டார்கள் என்று தையற்காரர் சொல்வார்.

முப்பத்துமூன்று பேரும் நிறுவனத்தை நம்பிக் கையெழுத்துப் போடவில்லை, மருமகளை நம்பிப் போட்டார்கள். அந்த வளாகத்துக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் அவள் ஆறு வருடமாக வரைவாளர். திடலின் தடத்தை அப்படியே பத்தடி அகலத் தெருவாகக் கட்டடத்தின் வயிற்றுக்குள் விட்டுவிடலாம், இரண்டு பக்கமும் தையற்காரர், சாவிக்காரர் மாதிரி ஆட்களுக்குச் சின்னச் சின்னக் கடைகள் வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். தலைமைக் கட்டடக் கலைஞருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்ததென்றால், மறுவாரமே அதைத் தன்னுடைய யோசனை என்று கூட்டத்தில் பேசினார். அவளுக்கு வருத்தமில்லை. தன் தெரு பிழைத்தால் போதும் என்றிருந்தாள்.

எல்லாரையும்விட அதற்காக ஏங்கியவள் மாமியார். முப்பது வருடமாக ஆறு வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிறவள். அந்த ஆறு வீட்டு முன்கதவும் என்ன நிறம் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. குப்பைத்தொட்டியைத் தாண்டி, பின்பக்கக் கதவு. அதுதான் அவளுக்கு வழி. யாரும் அவளை வைதது இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று "பின்பக்கமா வா" என்று ஒரு தடவை சொன்னார்கள். முப்பது வருடத்துக்கும் அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது. நாகரிகமான மனிதர்கள் அப்படித்தான். எச்சில் தட்டை எடுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் தங்கள் வாசலில் தென்படக் கூடாது.

"எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாம்" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாலு பேரு போற ரோட்டைப் பாத்து ஒரு வாசல். அது போதும்."

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் நடந்தது இது.

மூன்று மணிக்குத் தலைமைக் கட்டடக் கலைஞர் தன் அறைக்கு மருமகளைக் கூப்பிட்டார். விற்பனைப் பிரிவுத் தலைவி மேசைமேல் வளாகத்தின் பெரிய வண்ணப் படத்தை விரித்து வைத்திருந்தாள். அதில் பத்தடித் தெருவில் சில மனித உருவங்கள் நடந்துகொண்டிருந்தன. கட்டடப் படத்தில் அளவு தெரிவதற்காக மனிதர்களை வரைவது வழக்கம். மருமகள் ஆசையாகத் தன் தெரு ஆட்களையே வரைந்திருந்தாள். மூட்டையோடு தையற்காரர், பெட்டியோடு சாவிக்காரர், துணிப்பையை இடுக்கிக்கொண்டு மாமியார்.

"இவங்க யாரு?" என்றாள் தலைவி. "இவங்களை எடுத்துடுங்க. நாய்க்குட்டியோட ஒருத்தர், ஷாப்பிங் பையோட ரெண்டு பேர், ஜாகிங் பண்ற மாதிரி ஒரு பொண்ணு. அது போதும்."

மருமகள் மடிக்கணினியைத் திறந்து அவர்களை அழித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இன்னொண்ணு" என்றார் கட்டடக் கலைஞர். "இந்த வழியைப் பின்னாடி அடைச்சுடலாம். இங்க ஒரு கோடு போடு. ஒன்பதடிச் சுவர்."

"சார், வழியே அதுதானே?"

"வாங்கறவங்க கேக்கற முதல் கேள்வி என்ன தெரியுமா?" என்றாள் தலைவி. "நீச்சல் குளம் இருக்கான்னு கேக்கலை. பின்னாடி பிளாக் ஆளுங்க நம்ம பக்கமா போய் வருவாங்களான்னுதான் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"அவங்க அம்பது வருசமா அந்த வழியாத்தான் போறாங்கன்னு சொல்லலாம் மேடம்."

தலைவி சிரித்தாள், நல்ல நகைச்சுவை கேட்டவள்போல. கட்டடக் கலைஞர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்பக்கச் சந்து இருக்கு இல்ல? குப்பை அறைக்குப் பக்கத்துல ஒரு கேட் விடு. நல்ல கேட்டாவே விடு. ரெண்டு பூச்செடி வை."

"சம்மதம் வாங்கினது பழைய தாளைக் காட்டி, சார்."

"படிவத்துல மூணாம் பக்கம் பாரு. வடிவமைப்பை மாத்த எங்களுக்கு உரிமை உண்டுன்னு இருக்கு. எல்லாரும் படிச்சுட்டுத்தானே போட்டாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் தெருன்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான் உன் கையால செய்யச் சொல்றேன். நீ பக்குவமா செய்வே. திங்கட்கிழமை மிச்சப் படிவமும் வந்துடட்டும். அதுவரைக்கும் வெளியில பேச்சு வேணாம்."

அவள் கோடு போட்டாள். அவளுடைய கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருப்பதில்லை. அவளுக்கு இந்த வேலை வேண்டும். இதைச் சொல்வது அவளை மன்னிப்பதற்காக இல்லை. பயந்தவர்கள் எல்லாரும் கோழைகளாகப் பிறந்தவர்கள் இல்லை என்பதற்காகத்தான்.

மருமகள் சொன்ன பதிலைக் கேட்டபிறகும் கொத்தனார் கையெழுத்துப் போடவில்லை. "ஞாயித்துக்கெழமை கோடு போட்டு நடந்து பாத்துட்டுப் போடறேன்" என்றார்.

அது அவர் தொழில் பழக்கம். தாளில் இருக்கிற படத்தை அவர் நம்பமாட்டார். எந்த வீடு கட்டினாலும், கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் தரையில் சுண்ணாம்புத் தூளால் முழு அளவுக்கும் கோடு போடுவார். அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இதுதான் அடுப்படி, இதுதான் கூடம், நடந்து பாரும்மா" என்பார். அவள் நடந்து பார்த்து, "இங்க இடிக்குதே" என்றால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். தாள் பொய் சொல்லும், கால் சொல்லாது என்பது அவர் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை திடலில் கூட்டம் கூடிவிட்டது. மருமகள் அளவைப் படிக்க வேண்டும். அவர் நூல் பிடித்துக் கோடு போடுவார். அவள் பையில் இரண்டு தாள்களும் இருந்தன. எதை எடுப்பது என்று விடியும்வரை உருண்டு புரண்டாள். கடைசியில் கை தானாகப் பழைய தாளை எடுத்தது.

"முன்சுவர், தொண்ணூறடி" என்று படித்தாள். அவர் நூலை இழுத்தார். வெள்ளைக் கோடு விழுந்தது.

"ரசமட்டம் கட்டறதுக்கு முன்னாடியே குடி போயிட்டாரு!" என்றார் தையற்காரர்.

தடத்தின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கடைகள் விழுந்தன. சாவிக்காரர் ஒரு சதுரத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வாங்க வாங்க, சாவி தொலைஞ்சு போச்சா? இன்னும் கதவே வைக்கலையே, அதுக்குள்ளயா?" எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் பத்தடித் தெருவின் நடுவில் போய் நின்று பெரிய சாலையைப் பார்த்தாள். ஒரு பஸ் போயிற்று. அவள் முகத்தைப் பார்க்க மருமகளால் முடியவில்லை.

கொத்தனார் திடீரென்று நின்றுவிட்டார். குனிந்து தடத்தின் நடுவில் எதையோ தொட்டார். சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சி. அதிலிருந்து எட்டடியில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. சனிக்கிழமை நில அளவைக்காரர்கள் அடித்துவிட்டுப் போனவை. தரையோடு தரையாக அடித்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அவர் முதல் குச்சியில் நூலைக் கட்டி, கடைசிக் குச்சிவரை இழுத்தார். நூல் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று.

"வழிக்கு நடுவுல எதுக்கும்மா முளை அடிப்பாங்க?" என்றார். கோபமில்லாமல் கேட்டார். தொழிலில் ஒரு சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். "எட்டடிக்கு ஒண்ணுன்னா தூண் வருது. தூண் வருதுன்னா சுவர் வருது. உன் தாள்ல சுவரே இல்லையே?"

சாவிக்காரர் சதுரத்துக்குள் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தார்.

மருமகள் கையிலிருந்த தாளை மடித்தாள். பையிலிருந்து மற்றதை எடுத்தாள்.

"அது பழைய தாள், மாமா. இதுதான் இப்போ." தாளை நீட்டினாள். "வெள்ளிக்கிழமை மாத்திட்டாங்க. நான்தான் மாத்தினேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நூலைச் சுருட்டினார். பிறகு, "அளவைச் சொல்லு" என்றார்.

அவள் படித்தாள். அவர் தன் கையாலேயே தடத்தின் குறுக்கே சுவருக்கு வெள்ளைக்கோடு போட்டார். குப்பை அறையைப் போட்டார். ஜெனரேட்டர் அறையைப் போட்டார். கார் இறங்கும் சரிவைப் போட்டார். எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்தில் போய் முட்டும் வழியைப் போட்டார். ஒரு கோடுகூடக் கோணவில்லை. முடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"நடந்து பாரு."

மாமியார் வெள்ளைக்கோட்டுக்குள் நடந்தாள். குப்பை அறையைத் தாண்டினாள், சந்துக்குள் திரும்பினாள், கண்ணுக்கு மறைந்தாள். தெருவே காத்திருந்தது. கடைசியில் சாலையோரமாகச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றாள். அங்கிருந்து பழைய தடம் வழியாகத் திரும்பி வந்தாள். சுவர்க்கோடு வந்ததும் அதைத் தாண்டாமல் நின்றுவிட்டாள்.

"நானூத்துப் பன்னெண்டு தப்படி" என்றாள். மூச்சு வாங்கியது.

"வழி புரிஞ்சுதா அக்கா? சுத்திச் சுத்தில்ல போகுது" என்று யாரோ கேட்டார்கள்.

"புரியாம என்ன? முதல்ல குப்பைத்தொட்டி, அப்புறம் பின்கதவு. கண்ணைக் கட்டி விட்டாலும் போய்டுவேன். முப்பது வருசமா எனக்குத் தெரிஞ்ச வழி." அவள் சுவர்க்கோட்டைக் குனிந்து பார்த்தாள். "நம்ம வீட்டுக்குமா அதே வழி? நம்ம வீட்டுலயும் நான் வேலைக்காரியா?"

தையற்காரர் மருமகள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "உன் வாயை நம்பித்தானேம்மா போட்டோம்" என்றார். பிறகு இரண்டு வருடம் அவர் அவளிடம் பேசவில்லை.

கொத்தனாரும் அந்த ஆறு பேரும் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்களில் பத்தொன்பது பேர் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொண்டு நகராட்சிக்குப் போனார்கள். படிவங்கள் வெள்ளிக்கிழமையே பதிவாகிவிட்டன, பதிவானது பதிவானதுதான் என்று எழுத்தர் சொன்னார். வாசலை மாற்றிவிட்டார்கள் என்று தையற்காரர் கத்தினார். "வாசல் இருக்குல்ல? இல்லேன்னாத்தான் விதிமீறல். எந்தப் பக்கம் இருக்கணும்னு விதி இல்லை" என்றார் எழுத்தர். அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை.

திங்கட்கிழமை தலைமைக் கட்டடக் கலைஞர் மருமகளை உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, வேலையிலிருந்து நீக்கினார். "உன் திறமைக்கு எங்க போனாலும் நல்லா இருப்பே" என்றார். அவள் இரண்டு தெரு தள்ளி வரைபடம் நகலெடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றவர்கள் போட்ட கோடுகளை இயந்திரத்தில் விட்டு எடுக்கும் வேலை.

இரண்டு வருடத்தில் வளாகம் எழும்பியது. கண்ணாடியும் வெளிச்சமுமாக அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதுவரை வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, பின்பக்க ஆறு மாடியில் நாற்பது குடும்பமும் குடியேறினார்கள். குப்பை அறைக்குப் பக்கத்தில் கேட் இருந்தது. சொன்னபடியே இரண்டு பூச்செடியும் இருந்தன. சுவர் மட்டும் பாக்கி. சாமான் ஏற்றிய வண்டிகள் போய்வர அந்த இடத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தச் சில வாரங்கள் மாமியார் எண்பது தப்படியில் பஸ் ஏறினாள்.

சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்று அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. அதை நிறைவேற்றியதாகக் காட்டுவதற்காக ஒப்பந்தக்காரர் பின்பக்க பிளாக்குக்கு ஆள் அனுப்பினார். ஒன்பதடிச் சுவர் கட்ட ஒரு கொத்தனார் வேண்டும்.

"நான் வரேன்" என்றார் ரசமட்டம்.

மருமகள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "மாமா! அந்தச் சுவரையா?"

"யாராவது கட்டத்தான் போறாங்க."

"யாராவது கட்டட்டும்! நீங்க ஏன் கட்டணும்? நான் கோடு போட்டதுக்கே தெரு என் மூஞ்சியில முழிக்கலை. நீங்க கல்லை வச்சுக் கட்டப்போறீங்களா?"

அவர் கட்டிலுக்கடியிலிருந்து சுவர் பூசும் கரண்டியை எடுத்துத் துடைத்தார். மாமியார் எழுந்து உள்ளே போனாள். அவர் வேலைக்குப் போன முதல் ஒன்பது நாளும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தெருவில் போகும்போது சாவிக்காரர் அவர் காதுபடவே காறித் துப்பினார்.

பத்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். கைகால் கழுவவில்லை. "ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

"உங்க சுவரைப் பாக்கவா?" என்றாள் மாமியார். ஒன்பது நாளில் பேசிய முதல் வார்த்தை அது.

"வா. வந்து திட்டு."

சுவரைப் பூசி முடித்திருந்தார், கடைசியாகப் பூசிய ஓரம் மட்டும் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் கடைவிளக்குகளின் வெளிச்சம் சுவருக்கு மேலே தெரிந்தது. திறப்பு விழாவுக்காக அங்கே ஒரு பலகை வைத்திருந்தார்கள். 'அக்கம்பக்கத்தோடு கைகோத்து நிற்கும் கட்டடம்' என்று ஏதோ ஒரு சங்கம் கொடுத்த விருது அதில் பொறித்திருந்தது. அதைப் படிக்க வேண்டுமென்றால் நானூற்றுப் பன்னிரண்டு தப்படி சுற்றிப் போக வேண்டும்.

கொத்தனார் தூண்களை எண்ணிக்கொண்டே நடந்தார். ஏழாவது தூணுக்கும் எட்டாவது தூணுக்கும் நடுவில் நின்றார். கீழே, சில வாரம் நடந்ததிலேயே, பழைய இடத்தில் தடம் மறுபடி வெள்ளையாக விழுந்திருந்தது. வந்து சுவரில் முட்டி நின்றது.

"நடுவுல தட்டிப் பாரு" என்றார் மருமகளிடம்.

அவள் விரலை மடக்கித் தட்டினாள். இரண்டு பக்கமும் கெட்டியாகக் கேட்ட சத்தம் நடுவில் வேறு மாதிரி கேட்டது. ஏழடி உயரத்தைக் கையால் காட்டினார்.

"அங்க உள்ளே ஒரு லிண்டல் போட்டிருக்கேன். கதவுக்கு மேல போடறதுதான். அஞ்சடி நீளம். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்த நேரத்துல தூக்கி வச்சாச்சு. அதுக்குக் கீழ நாலடிக்கு இருக்கறது வெறும் அடுக்கின கல்லு. சிமென்ட் கிடையாது, மண்ணுதான். பக்கத்துச் சுவரோட பல் கோக்கலை, கல்லைக் கல்லு பிடிக்காது. ரெண்டு பக்கமும் மேல பூசியிருக்கேன், அவ்வளவுதான்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "வேற எவனாவது கட்டியிருந்தா ஒழுங்காக் கட்டியிருப்பான். தட்டி எடுத்தா நாலடி கல்லு மட்டும் விழும். மேல இருக்கற சுவர் அப்படியே நிக்கும். உன் பத்தடியை என்னால குடுக்க முடியலைம்மா. நாலடி விட்டிருக்கேன்."

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "தையற்காரர்கிட்ட நான் சொல்லட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

"சொல்லு. நீதான் சொல்லணும். கத்தரிக்கோலைப் போட்டுட்டு முதல் ஆளா ஓடி வந்துடுவாரு, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. நாப்பது வீடும் சேரணும்."

மாமியார் ஈரப் பூச்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்தபோது ஐந்து விரலும் அதில் பதிந்திருந்தன. கொத்தனார் வாழ்நாளில் முதல்முறையாகப் பூச்சில் விழுந்த ஒரு குறையைத் தேய்த்துச் சரிசெய்யாமல் விட்டார்.

"நம்ம சம்மட்டி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"கட்டிலுக்கு அடியில."

"அங்கேயே இருக்கட்டும். துருப்பிடிக்க விடாதீங்க."

மறுநாள் காலையில் வேலைக்குப் போக அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பினாள், சுற்றிப் போக வேண்டியிருந்ததால்.